தாடைக்குள் ஒரு செவி

வாய் திறக்க முடியாதவள் என்பதாலேயே லூர்துமேரியிடம் எல்லோரும் ரகசியம் சொன்னார்கள். ஓசூருக்கு வெளியே, மின்வண்டிகளுக்கு பேட்டரி செய்யும் கம்பெனியில் அவளோடு வேலை பார்த்த பெண்கள் வீட்டுச் சண்டையையும் காதல் விவகாரத்தையும் அவள் காதில் கொட்டிவிட்டுப் போவார்கள். சுவரிடம் சொல்வதைவிட அவளிடம் சொல்வது ஆறுதல். சுவருக்குக் கண் கலங்காது.

சின்ன வயதில் கரும்பு ஏற்றிய டிராக்டரிலிருந்து குப்புற விழுந்தவள் அவள். முகவாயில் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். காதுக்கு முன்னால் தாடை மூட்டு நொறுங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நொறுங்கிய மூட்டு மண்டை எலும்போடு ஒட்டிக்கொண்டது. அதன்பின் உடம்பு வளர்ந்தது, கீழ்த்தாடை மட்டும் வளர மறுத்தது. இருபத்தாறு வயதிலும் அவள் பற்களுக்கு நடுவே சுண்டுவிரல் நுழையாது. முகவாய் கழுத்துக்குள் பதுங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் குருவி. சாப்பாடு என்றால் கரைத்த இட்லியும் கடைந்த சோறும்தான். பேச்சு பல்லிடுக்கில் கசிந்து வரும். அதை முழுசாகப் புரிந்துகொண்டவள் அக்கா செலின் ஒருத்தி.

செலின் நர்ஸ். அம்மா போன பிறகு தங்கைக்கு எல்லாமே அவள்தான். தாடை சிறுத்தவர்களுக்குத் தூக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். லூர்து தூங்கும்போது செலின் பாதித் தூக்கம்தான் தூங்குவாள். குறட்டை நின்றால் எழுந்து தங்கையை ஒருக்களித்துப் படுக்க வைப்பாள். அவள் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வித்யாசாகர் வந்து சேர்ந்தபோது, முதல் வாரமே தங்கையை அழைத்துப் போய் அவர் முன்னால் நிறுத்தினாள்.

"பழைய முறையிலேயும் இதைச் சரி பண்ணலாம்" என்றார் டாக்டர். "ஒட்டிக்கிட்ட மூட்டை விடுவிச்சு, ரெண்டு பக்கமும் தாடை எலும்பை வெட்டி, நடுவுல திருகு வச்சு தினம் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கணும். இழுக்கிற இடைவெளியில உடம்பே புது எலும்பை நிரப்பிக்கும். ஆனா திருகு தோலுக்கு வெளியே துருத்திக்கிட்டிருக்கும், வலியும் ஜாஸ்தி. எங்க தகடு உள்ளேயே இருந்து தானா நகரும். நீங்க மெல்லும்போது எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் விழுதுன்னு உணர்ந்து, அதுக்குத் தக்கபடி எலும்பை வளைக்கும். தகவல் ஆஸ்பத்திரிக்கு வந்துக்கிட்டே இருக்கும். செலவு ஒரு அறக்கட்டளையோடது. உங்களுக்கு ஒண்ணும் கிடையாது."

இதையெல்லாம் அவர் செலினைப் பார்த்துச் சொன்னார். லூர்து பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றி அவள் ஒன்றும் நினைக்கவில்லை. பேச முடியாதவளைத் தாண்டிப் பக்கத்திலிருப்பவரிடம் பேசுவது ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

அறுவை சிகிச்சை முடிந்து வீக்கம் வடிந்த பிறகு, முகம் நாளுக்கு நாள் மாறியது. கண்ணாடிக்குள் யாரோ மெதுவாக முன்னேறி வருவதுபோல இருந்தது. ஒருநாள் செலின் கொய்யாப்பழம் ஒன்றை நறுக்காமல் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். லூர்து கடித்தாள். பல் இறங்கிய சத்தம் கேட்டு அக்கா தங்கை இருவரும் அழுதார்கள். குறட்டை நின்றது. செலின் விடியும் வரை அசையாமல் தூங்கக் கற்றுக்கொண்டாள்.

பேச்சு வந்ததுதான் பெரிய அதிசயம். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணே வியந்தாள். "இத்தனை வருஷம் பேசாதவங்க மாதிரியே இல்லையே" என்றாள். லூர்துவுக்குத் தெரியும், அவள் பேசாமல் இருந்ததே இல்லை. வாய் பூட்டிக்கிடந்த காலத்தில் சொல்ல வேண்டிய ஒவ்வொன்றையும் மனசுக்குள் முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்ப்பாள். பஸ்ஸில், வரிசையில், குளிக்கும்போது, ஓயாமல். கதவு திறந்ததும் உள்ளே நின்ற கூட்டமெல்லாம் வெளியே வந்தது, அவ்வளவுதான்.

கம்பெனியில் பூச்சறை என்று ஒன்று இருந்தது. பேட்டரிக்குள் போகும் உலோகத் தாளுக்கு மருந்துக் குழம்பு பூசும் இடம். தலையைச் சுற்றும் இனிப்பான நெடி அடிக்கும். அங்கே வேலை பார்த்த பெண்களுக்குக் கரு தங்கவில்லை. ஒருத்திக்கு ஆனபோது விதி என்றார்கள். அடுத்தடுத்து ஆனபோது பேசாமல் இருந்தார்கள். லூர்துவின் தோழி ரஷீதாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. ரம்ஜான் மாதத்தில் தூக்குவாளி நிறைய நோன்புக் கஞ்சி கொண்டுவந்து, "இது உனக்குன்னே செஞ்ச சாப்பாடுடி, மெல்லவே வேண்டாம்" என்று சிரித்தவள் ரஷீதா. அவள் மருத்துவமனையிலிருந்து திரும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எந்திரத்தின் முன் நின்ற நாளில், லூர்து தொழிற்சங்கத் தலைவர் முனிரத்தினத்திடம் போய் நின்றாள்.

"நான் பேசறேண்ணே" என்றாள்.

முனிரத்தினம் பழைய ஆள், மீசை நரைத்தவர். அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? சரி, பேசு தாயி."

வாசல் கூட்டத்தில் அவள் பேசியதைக் கேட்டு, பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் வண்டியை நிறுத்தினார்கள். குருவி என்ற பெயர் மறைந்து 'லூர்தக்கா' வந்தது. பேச்சுவார்த்தைக் குழுவில் அவள் பெயரைச் சேர்த்தார்கள்.

அதன்பிறகுதான் எல்லாம் ஒவ்வொன்றாகக் கை நழுவியது.

அரசாங்க ஆய்வாளர் முன்னறிவிப்பில்லாமல் வரப்போகும் தேதி முனிரத்தினத்துக்கும் லூர்துவுக்கும் மட்டும்தான் தெரியும். முந்தின நாள் பூச்சறையில் புது விசிறிகள் மாட்டப்பட்டன, ஆய்வாளர் வந்தபோது அறையில் ஊதுவத்தி வாசனை அடித்தது. அடுத்து, தனக்கு நடந்ததை ஆய்வாளரின் அலுவலகத்துக்கே போய்ச் சொல்ல ரஷீதா சம்மதித்திருந்தாள். "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது" என்று லூர்துவின் கையைப் பிடித்துச் சொன்னாள். இரண்டே நாளில் ரஷீதாவை, பொருள் திருடினாள் என்று பழிசுமத்தி வேலையைவிட்டு அனுப்பினார்கள். வாசலில் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். சாப்பாட்டு டப்பா உருண்டு ஓடியது.

லூர்து ஓடிப்போய் அதை எடுத்துக் கொடுத்தாள். ரஷீதா வாங்கவில்லை.

"வாய் மூடியிருந்தப்ப உன்னை நம்பினேன்" என்றாள். "தொறந்ததும் வித்துட்டியேடி."

சங்கத்திலும் பேச்சு அடங்கியது. லூர்து உள்ளே நுழைந்தால் பேச்சு வானிலைக்கும் கிரிக்கெட்டுக்கும் மாறியது. அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. தூக்கத்தில் உளறுகிறேனா என்று அக்காவைக் கேட்டாள். செலின் அரிசி களைந்துகொண்டே, "அதெல்லாம் இல்லடி" என்றாள்.

அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து லூர்து மனசுக்குள் ஒரு வாக்கியம் கோர்த்தாள்: 'பூச்சறைக் காத்தை ஒரு பாட்டிலில் பிடிச்சுத் தர்றேன் சார், உங்க வீட்டுத் தொட்டில் பக்கத்துல திறந்து வைப்பீங்களா?' மேலாளர் ஸ்ரீகாந்துக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையை இழுப்பது தப்பு என்று தோன்றவே, அதைச் சொல்வதில்லை என்று இறங்கும் முன்பே முடிவு செய்துவிட்டாள்.

அறைக்குள் எல்லோரும் உட்கார்ந்ததும் ஸ்ரீகாந்த் சிரித்தார். "உணர்ச்சிவசப்படாம பேசுவோம். பாட்டில்ல காத்தைப் பிடிச்சு உங்க வீட்டுத் தொட்டில் பக்கத்துல திறப்பியான்னு கேக்கறதெல்லாம் பேச்சுவார்த்தை ஆகாது. சரிதானே?"

முனிரத்தினத்துக்கு ஒன்றும் புரியவில்லை. லூர்து, தான் கொண்டுவந்த கோரிக்கைத் தாளை அவர் பக்கம் நகர்த்திவிட்டாள்.

தன்னைத் தவிர வேறொருவரும் கேட்டிருக்க முடியாத வாக்கியம் அது. உள்ளிருந்து கேட்கக்கூடியது அவளிடம் ஒன்றுதான் இருந்தது, தாடைத் தகடு. தானாகவே ஆஸ்பத்திரிக்குத் தகவல் அனுப்புவதும் அது ஒன்றுதான். இருந்தாலும் நிச்சயப்படுத்திக்கொள்ள நினைத்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மனசுக்குள் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: 'வெள்ளிக்கிழமை கேன்டீன்ல தட்டைத் தொடாம எல்லாரும் எந்திரிச்சு வெளிய போறோம்.' யாரிடமும் அப்படி ஒரு பேச்சே இல்லை.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் கோழி பிரியாணி போட்டார்கள். கூடவே பாயசம். சுவரோரம் காவலாளிகள் கைகட்டி நின்றார்கள். "என்ன விசேஷம்?" என்று கேட்டபடி எல்லோரும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். லூர்து தட்டைத் தொடவே இல்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டர் வித்யாசாகர் எதையும் மறைப்பவராகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. தன் மாணவியின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்பவர்போல உற்சாகமாகப் பேசினார்.

"மனசுக்குள்ள பேசும்போதும் தாடைத் தசையும் நாக்கும் நூலளவு அசையும்மா. நமக்கே தெரியாது. தகடு பாரத்தை அளக்கற மாதிரி அதையும் அளக்குது. எந்த அசைவு எந்தச் சொல்லுன்னு கம்ப்யூட்டர் கத்துக்கிட்டா படிச்சிடலாம். நிறைய பேருக்கு வச்சோம், எல்லார்கிட்டயும் வெறும் இரைச்சல்தான். உங்களுக்கு மட்டும் கண்ணாடி மாதிரி வந்தது. வாய் திறக்க முடியாத காலத்துல நீங்க தசையாலேயே பேசிப் பழகிட்டீங்க. பக்கவாதம் வந்து பேச்சுப் போனவங்களுக்கு இது எவ்வளவு பெரிய வரம், யோசிச்சுப் பாருங்க."

"எங்க கம்பெனிக்கு எப்படிப் போச்சு?"

"அறக்கட்டளையே உங்க கம்பெனியோடதுதானே? ஆராய்ச்சித் தகவல் அவங்களுக்குச் சொந்தம். அவங்க என்ன செய்யறாங்கன்னு நான் கேக்கறதில்லை."

"எங்கிட்ட நீங்க கேக்கலையே டாக்டர்."

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அப்ப உங்களால சரியா பேச முடியலையேம்மா. உங்க அக்காகிட்ட எல்லாத்தையும் விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கினோமே."

லூர்து நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துடுங்க" என்றாள்.

"இப்ப எடுத்தா புது எலும்பு தாங்காது. தாடை மறுபடி பின்னால சரியும், மூச்சும் அடைக்கும். குறைஞ்சது இன்னும் ஆறு மாசம் போகட்டும்."

வீட்டில் செலின் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சிடுச்சா?" என்றாள்.

அந்த ஒரு சொல்லே லூர்துவுக்குப் போதுமானதாக இருந்தது. இல்லை என்று அக்கா சொல்வாள், டாக்டரைத் திட்டுவாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாள் போலும்.

"ஏன்க்கா?"

"நீ நீலம் பாரிச்சுக் கிடந்ததை நீ பார்க்கலை, நான் பார்த்தேன். ஒருநாள் நான் அசந்து தூங்கிட்டா காலையில நீ இருக்க மாட்டே. அந்தப் பயத்தோட எத்தனை வருஷம் இருந்தேன்னு உனக்குத் தெரியுமா? உள்ளுக்குள்ள பேசறதையும் கேப்போம்னாங்க. கேட்டா கேக்கட்டும், வேலைக்குப் போய்ட்டு வர்ற பொண்ணு மனசுல ஒளிக்க என்ன இருக்குன்னு நினைச்சேன். நீ சங்கம், கொடின்னு போவேன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

"போன பிறகாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா எடுக்கச் சொல்லுவே. எடுத்தா செத்துப்போவே." செலின் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ என்னை வெறுத்தாலும் சரி. உயிரோட இருந்து வெறு."

லூர்துவுக்குக் கோபம் வந்தது. ஆனால் பாதித் தூக்கத்தில் எழுந்து தன்னை ஒருக்களித்துப் படுக்கவைத்த கையும் அதே கைதான். இதை எந்தக் கணக்கில் வைப்பது? அன்று இருவரும் சாப்பிடவில்லை. மறுநாள் செலின் காபி போட்டு நீட்டியபோது லூர்து வாங்கிக்கொண்டாள். மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டாள்.

முனிரத்தினத்தைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். முதலில் நம்பாமல் அவள் முகத்தையே பார்த்தார். பாட்டில் வாக்கியத்தையும் பிரியாணியையும் விளக்கியதும் மீசையைத் தடவியபடி நெடுநேரம் யோசித்தார்.

"அப்ப அவங்களை நாமளே ஏமாத்தலாமே" என்றார். "நீ உள்ள தப்புத் தப்பா நினைச்சுக்கிட்டே இரு. நாங்க வேற வேலை பார்க்கறோம்."

முயன்று பார்த்தாள். ஒரு பொய்யை ஒரு பஸ் பயணம் வரை சொல்லலாம், வாழ்நாள் முழுக்கச் சொல்ல முடியாது. பொய்யைச் சொல்லும்போதே, அதற்குக் கீழே மனசு உண்மையை முணுமுணுக்கும். ரஷீதாவை நினைக்கக் கூடாது என்று நினைத்தாலே ரஷீதா பெயர் வந்துவிடும். கடைசியில் ஜெபத்தைப் பிடித்துக்கொண்டாள். வேலையில், நடையில், சாப்பாட்டில் 'அருள் நிறைந்த மரியே' என்று உள்ளே ஓடவிட்டாள். முன்பு நம்பிக்கையோடு சொன்ன ஜெபம், இப்போது ஒட்டுக்கேட்பவனுக்கு எதிராகக் கூட்டிவிடும் இரைச்சலாகிப்போனது. யாரும் பேசாதபோது அவளோடு பேசிக்கொண்டிருந்த அந்த ஒரே துணையை, அவளுக்குள்ளிருந்த அவளையே, அவள் வாயடைக்க வேண்டியிருந்தது. வாய் பூட்டியிருந்த காலத்தில்கூட இப்படி ஒரு தனிமையை அவள் அறிந்ததில்லை.

"என்னால முடியலண்ணே" என்றாள் முனிரத்தினத்திடம். "எடுத்துடறேன். பழையபடி குருவியாவே இருந்துக்கறேன்."

"மூச்சு அடைக்கும்னாங்களே தாயி."

"இப்ப மட்டும் என்ன, மூச்சா விடறேன்?"

செலினிடம் சொல்லாமல், வேளாங்கண்ணிக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, சேலத்தில் அரசு மருத்துவமனைக்குப் போனாள். அங்கிருந்த முக அறுவை மருத்துவர் கௌசல்யா அவள் கதையைக் குறுக்கிடாமல் கேட்டார். லூர்துவிடமே கேள்வி கேட்டார், லூர்துவின் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு எக்ஸ்ரேவும் ஸ்கேனும் எடுக்கச் சொல்லி, படங்களைத் திரையில் போட்டுப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"எடுத்தா தாடை சரிஞ்சிடும்னு யாரு சொன்னது?"

"ஆபரேஷன் பண்ண டாக்டர்தான், மேடம். எலும்பு இன்னும் சேரலையாம்."

"இங்க பாரும்மா. இதோ பழைய எலும்பு, இது புதுசு. நடுவுல கோடு தெரியுதா? தெரியாது. ஒரே எலும்பாயிடுச்சு. இது இன்னிக்கு நேத்து சேர்ந்ததில்லை, பல மாசம் ஆகியிருக்கும். இந்தத் தகடு இப்ப எதையும் தாங்கிக்கிட்டில்லை. சும்மா உள்ள உட்கார்ந்திருக்கு."

சும்மா இல்லை மேடம் என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை.

தாடையை இழக்கத் துணிந்து வந்தவள் அதை இழக்காமலேயே தகடுகளை இழந்தாள். இரண்டும் சுண்டுவிரல் நீளம்தான். கௌசல்யா அவற்றைக் கழுவி ஒரு குப்பியில் போட்டுக் கையில் கொடுத்தார். முனிரத்தினம் வந்து குப்பியை வாங்கிக்கொண்டு, வக்கீலோடு புறப்பட்டார். மறுநாள் வாசலில் அவர் அதைத் தூக்கிக் காட்டியபோது மூன்று ஷிப்டும் வெளியே வந்துவிட்டதாகவும், பூச்சறையை மூடும்வரை யாரும் உள்ளே போவதாக இல்லை என்றும் போனில் சொன்னார். ரஷீதாவைத் தேடிப்போன பெண்கள், அவள் குடும்பம் வீட்டைக் காலி செய்து எங்கோ போய்விட்டதாக அறிந்து திரும்பி வந்தார்கள்.

லூர்து கட்டிலில் சாய்ந்து, மனசுக்குள் மெதுவாக ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்தாள். 'யாரும் கேக்கலை.' உள்ளே அமைதியாக இருந்தது. ஆனால் அந்த அமைதியில் வேறொரு கேள்வி எழுந்து நின்றது. அது பகல் முழுக்க உட்காரவே இல்லை.

பார்வையாளர் நேரத்தில் செலின் வந்தாள். முனிரத்தினம் சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும். வேலையிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருந்தாள். வெள்ளைச் சீருடைகூட மாற்றவில்லை. வார்டுக்குள் நுழைந்ததும் எதிர்க்கட்டில் அம்மாள், "சிஸ்டர், எனக்கு டிரிப்ஸ் முடிஞ்சுபோச்சு, பாருங்களேன்" என்றாள். செலின் பழக்க தோஷத்தில் போய்க் குழாயை மூடிவிட்டு வந்து தங்கையின் அருகில் உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட முகத்தையே பார்த்தாள்.

"தாடை அப்படியே இருக்கே" என்று மெல்லச் சொன்னாள். அவள் குரலில் ஆச்சரியம் இல்லை.

லூர்து அதைக் கவனித்தாள்.

"எலும்பு எப்ப சேர்ந்தது?" என்று கேட்டாள்.

செலின் சீருடையின் பொத்தானைத் திருகினாள்.

"மாசாமாசம் எக்ஸ்ரேக்கு நீதானே என்னைக் கூட்டிட்டுப் போவே? படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு டாக்டர்கிட்ட கொடுப்பே. இருபது வருஷமா நர்ஸ் நீ. எப்ப சேர்ந்தது?"

"ஆபரேஷன் முடிஞ்ச நாலாம் மாசம்."

"ரஷீதாவை வெளிய அனுப்பினது எட்டாம் மாசம்."

"லூர்து, நான் சொல்றதைக் கேளு. டாக்டர் கம்ப்யூட்டர்ல உன் முகத்தை வச்சு ஒரு படம் காட்டினாரு. இன்னும் கொஞ்ச நாள் தகடு உள்ளேயே இருந்தா முகவாய் இன்னும் சரியா அமையும், இந்த மாதிரி வரும்னு. அதுல..." செலினின் குரல் உடைந்தது. "அதுல அம்மா இருந்தாங்கடி. அம்மாவோட அதே முகவாய். நீ சின்னப் பொண்ணு, உனக்கு அவங்க முகம் ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கு. இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துடலாம்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். வேற ஒண்ணுமே இல்லை."

"மூச்சுக்காகன்னு சொன்னியே" என்றாள் லூர்து. "அதை நான் நம்பினேன். அதுக்காக உன் கையால காபி வாங்கிக் குடிச்சேன்."

"தப்புதான். தப்புதான்டி."

செலின் கையை நீட்டினாள். கட்டுக்குக் கீழே வீங்கியிருந்த முகவாயை, ஒரு படத்தைத் தொடுவதுபோல, விரல் நுனியால் தொட வந்தாள். லூர்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரல் காற்றில் நின்றது.

வார்டு வாசலில் காவலாளி மணியடித்தான். மற்றக் கட்டில்களைச் சுற்றியிருந்தவர்கள் பாத்திரங்களையும் பைகளையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். செலின் எழவில்லை. தங்கை ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். திட்டினாலும் போதும் என்பதுபோல.

லூர்து சுவரைப் பார்த்தபடியே, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் முழுசாகச் சொன்னாள்.

"நேரம் முடிஞ்சிடுச்சு, சிஸ்டர். நீங்க கிளம்புங்க."